குழிக்குள் இரண்டாவது முறை

இலங்கையின் வடக்கே முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலிக்கும் கருவி கத்தினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூன்றாம் மாதம் அந்தப் படபடப்பு போய்விட்டது. "இனித்தான் உன்னைக் கவனிக்க வேண்டும்" என்றார் பொறுப்பாளர் அக்கா. எனக்குக் கோபம் வந்தது.

ஏ9 வீதியோரம், 2000 முதல் 2008 வரை போர் முன்னரங்காகக் கிடந்த மண் அது. ஒரு மீற்றர் அகலப் பாதைக்குள் சன்னம், வெற்றுத் தோட்டாக் கோது, ஷெல் துண்டு, முள்ளுக்கம்பி எல்லாம் கிடக்கும். புதையல் தேடுகிறவர்கள் இரும்பின் ஒலியைக் கருவியிலேயே அடக்கிவிட்டு, பொன்னுக்கும் வெள்ளிக்கும் மட்டும் குனியலாம். எங்களுக்கு அது கிடையாது. பி4 மிதிவெடி பிளாஸ்டிக்கால் ஆனது, உலோகம் மிகச் சொற்பம். ஜொனி என்ற மிதிவெடியோ மரப்பெட்டி. ஆகவே கத்துவதையெல்லாம் தோண்ட வேண்டும். ஆனால் நூறு தடவை கம்பியும் கோதுமே வந்தால், காது தானாகவே தரம் பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. "இது கோது, இது கம்பி" என்று தோண்டுவதற்கு முன்பே மனம் சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும், அதுதான் தொல்லை.

ஒருநாள் மொட்டைப் பனையருகே பெரிய சத்தம். நான்கு பக்கமும் கருவியைப் பிடித்து நடுவைக் குறித்தேன். ஒரு சாண் பின்னால் தொடங்கி, மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டிப் போனேன். விரல் நீளத்தில் முள்ளுக்கம்பி. நினைத்ததுதான். வாளியில் போட்டேன். முகக்கவசத்துக்குள் வியர்வை வழிந்து கண் எரிந்தது. எடுத்த குழிக்குள் மறுபடி கருவி பிடிக்க வேண்டும் என்பது விதி. பிடித்தேன். நுளம்பு போல ஒரு முனகல். கம்பியின் துரு உதிர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் சுரண்டினேன். மண்ணேறிய பிளாஸ்டிக் விளிம்பொன்று தெரிந்தது. கம்பியின் சத்தம் அதை மூடியிருந்திருக்கிறது.

கையை உயர்த்திவிட்டு, வந்த வழியே பின்வாங்கினேன்.

"எப்படித் திரும்பப் பார்த்தாய், பிள்ளை?" என்று கேட்டார் அக்கா.

"நீங்கள் பாதை முனையில் நின்றீர்கள், அக்கா. அதனால்தான்."

அவர் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்த வெடியை அழித்து முடித்த பின், மிச்சப் பாதைக்குக் கருவி வேண்டாம் என்று வாங்கி வைத்துவிட்டு விறாண்டியைத் தந்தார். இவ்வளவு இரும்பு கிடக்கிற இடத்தில் சத்தத்தை நம்ப முடியாது, மண் முழுவதையும் வாரித்தான் பார்க்க வேண்டுமாம். அந்தப் பாதை முடிய அடுத்த மாதமாகிவிட்டது.