டிஎக்ஸ் வாகனுக்கு ஸ்டார்ட்டர் தேடிய கதை

எங்களுடைய கார் டொயோட்டா டிஎக்ஸ் வாகன், கேஈ72 மொடல். எண்பதுகளின் வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய கார்களுக்கு விலை ஏறியபோது, விற்றுவிடச் சொன்னவர்கள் பலர். விற்ற காசுக்கு வேறெதை வாங்குவது என்று அப்பா கேட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது.

காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கும். கந்தளாய் வரை ஓடி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து திருப்பினால்தான் வில்லங்கம். ஒன்றில் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும், இல்லையென்றால் காய்ச்சல்காரன் படுக்கையிலிருந்து எழும்புவதுபோல இழுத்து இழுத்து ஒரு சுற்றுச் சுற்றும். பொனெட்டைத் திறந்து சூடு ஆற விட்டால் மறுபடி ஒழுங்காக வேலை செய்யும்.

ஸ்டார்ட்டரை, அதாவது சாவியைத் திருப்பும்போது என்ஜினைச் சுற்றிவிடும் மோட்டரை, மாற்று என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கிண்ணியாவில் வாகன எலெக்ட்ரிக் வேலை செய்யும் நானா மட்டும், "மோட்டரைக் கழட்ட முந்தி ஏர்த்தைப் பாப்பம் தம்பி" என்றார். திருகோணமலையில் அது நியாயமான பேச்சு. எங்கள் வீடு உப்புவெளியில். கடற்காற்றில் பற்றரி முனைகளும், பற்றரியின் மைனஸை வண்டி உடம்போடு இணைக்கும் ஏர்த் வயரும் பச்சை பூத்துப்போவது இங்கே வழமை. நானா மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மற்றதை என்ஜின் உடம்பிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் சரியில்லை என்று அர்த்தம். எங்களுடையது ஒரு வோல்ட்டையும் தாண்டியது. வயரைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டியதில் காலை ஸ்டார்ட் இன்னும் விறைப்பானது, ஆனால் சூட்டு வியாதி போகவில்லை. பக்கத்து வீட்டு நல்ல பற்றரியை மாற்றிப் பார்த்தும் அதே கதை. அதற்குப் பிறகுதான் மோட்டரைக் கழற்றினோம்.

பிரித்ததும் காரணம் தெரிந்தது. மோட்டருக்குள்ளே சுற்றும் பாகமான ஆமேச்சரின் தண்டைத் தாங்கும் வெண்கல வளையமான புஷ் தேய்ந்து, தண்டு ஆடுகிறது. ஆமேச்சர் சுற்றும்போது வெளிக்கூட்டின் உள்பக்கத்தில் உரசிய தழும்பும் இருந்தது. சூடேறினால் உரசல் கூடும், செம்புச் சுருளின் தடையும் கூடும், மோட்டர் திணறும். ஆமேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷும் கட்டையாகிவிட்டிருந்தது. புஷ், பிரஷ் மட்டுமென்றால் மாற்றிவிடலாம். ஆமேச்சரே காயப்பட்டிருந்ததால் வேறு மோட்டர் தேடுவதென்று முடிவானது.

டவுனில் இரண்டு வழி காட்டினார்கள். ஒன்று பெட்டியோடு வரும் புதுசு, விலையும் மலிவு. கையில் எடுத்தேன், பழையதைவிட நன்றாக இலேசு. இலேசாக இருப்பது மட்டும் குற்றமில்லை, கியர் வைத்த மோட்டர்கள் இலேசாகத்தான் இருக்கும். ஆனால் இது கியர் இல்லாத பழைய வகை. அதே வகையில் எடை இவ்வளவு குறைந்தால் செம்பு குறைந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். மற்றது கியர் வகை. சிறிய மோட்டர் வேகமாகச் சுற்றும், அந்த வேகத்தைக் குறைத்துப் பலமாக மாற்றி, என்ஜினைச் சுற்றிவிடும் சின்னப் பற்சக்கரமான பினியனுக்குக் கொடுக்கும், பற்றரிக்கும் சுமை குறைவு. நல்ல சாமான்தான், மறுக்க முடியாது. ஆனால் ஹபரணைக் காட்டுப் பாதையில் நின்றுபோனால் எந்தக் கராஜிலும் பிரித்துப் பூட்டத் தெரிந்தது பழைய வகை. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

ஆகவே இரவு ரயிலில் கொழும்பு. மருதானைப் பக்கம் இறங்கி நடந்தால் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தை. பழைய மோட்டரைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். கார் மொடல் பெயரைச் சொல்லிச் சாமான் கேட்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். போல்ட் துளைகளின் இடைவெளி, பினியன் பற்களின் எண்ணிக்கை, சுற்றும் திசை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம். ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ என்ஜினோடு சுற்றும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் ஓரத்துப் பற்களோடு, அதாவது ரிங் கியரோடு, ஒழுங்காகப் பொருந்தாது.

ஒரு கடையில், ஜப்பானில் எண்பதுகளின் காரிலிருந்து கழற்றியது என்று ஒன்றைக் காட்டினார்கள். ஸ்டிக்கரில் 'டென்சோ'. அந்தக் கம்பனி 1996 வரை நிப்பொன்டென்சோ என்ற பெயரில்தான் இருந்தது. புது ஸ்டிக்கர், புதுக் கறுப்புப் பெயின்ட், திருகாணிகளின் தலையிலும் பெயின்ட். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். கடைசியாக வாங்கியது பெயின்டே அடிக்காத, கிறீஸ் அழுக்கோடு கிடந்த பாவித்த மோட்டர். தகட்டில் பழைய பெயர். பினியனைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் மிகக் குறைவு. பற்றரியில் கொடுத்ததும் துள்ளிச் சுற்றியது. கையில் சுற்றுவதை மட்டும் நம்பக் கூடாது, சுமை இல்லாமல் நோஞ்சான் மோட்டரும் சுற்றும். அதனால் பிரித்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பிரித்தார். ஆமேச்சரில் உரசல் தழும்பு இல்லை. என்ஜினில் பூட்டி, சூட்டில் இழுக்காவிட்டால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்கினேன். வாய்ப்பேச்சு மருதானை தாண்டினால் செல்லாது.

நானா அதற்குப் புதுப் பிரஷும் புஷ்ஷும் போட்டார். பூட்டுவதற்கு முன் ஃப்ளைவீலைக் கையால் சுற்ற வைத்து ரிங் கியரையும் பார்த்தார். நாலு சிலிண்டர் என்ஜின் அணையும்போது பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் நிற்கும், பற்கள் தேய்வதும் அங்கேதான். அதைப் பார்க்காமல் பூட்டினால் புதுப் பினியனையும் அது தின்றுவிடும். எங்களுடையதில் ஓரம் மழுங்கியிருந்தது, பல் உடையவில்லை.

அதன் பிறகு மதிய வெயிலில் கந்தளாய்க்குப் போய், வேண்டுமென்றே என்ஜினை அணைத்துத் திருப்பிப் பார்த்தோம். அரைச் சுற்றில் பிடித்தது. பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பதாகப் பஞ்சிகாவத்தையில் சொல்லியிருந்தார்கள். நான் கொடுக்கவில்லை. அதன் கூட்டுக்குள் அசையாமல் இருக்கும் செம்புச் சுருளான ஃபீல்ட் கொயில் நல்லபடி இருக்கிறது, ஆமேச்சர் ஒன்று அகப்பட்டால் நானா கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.