சுமை ஏற்றாத பிக்கப்

டெக்சஸில் எங்கள் தெருவில் பிக்கப் இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். சோபா வாங்கினாலும் சரி, தோட்டத்துக்கு மண் வாங்கினாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நிற்போம். அவரும் முகம் சுளிக்காமல் தன் பழைய செவர்லே எஸ்-10 பிக்கப்பை எடுத்துக்கொண்டு வருவார். அந்த மனிதருக்கு டிராக் ரேஸ் பைத்தியம் பிடித்தது. எங்கள் இலவச லாரி சர்வீஸ் நின்றது.

கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் யார் முதலில் போய்ச் சேர்கிறார் என்பதுதான் போட்டி. வண்டியில் 100 பவுண்டு, நம் கணக்கில் 45 கிலோ, குறைத்தால் நொடியில் பத்தில் ஒரு பங்கு மிச்சம் என்று அந்த வட்டாரத்தில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். முதலில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் போயின. அப்புறம் ஹீட்டர், ஏசி. டெக்சஸ் கோடையில் ஏசியைக் கழற்றுகிறவரிடம் என்ன பேச முடியும்? கிறுக்கு என்று ஒதுக்கவும் முடியாது. 1964-இல் ஃபோர்டு கம்பெனியே தண்டர்போல்ட் என்ற காரை ஃபைபர் பானெட் போட்டு, ரேடியோ, ஹீட்டர் இல்லாமல், பேட்டரியை டிக்கிக்கு மாற்றி விற்றிருக்கிறது.

பிறகு ஃபைபர் பாகங்கள் வந்து இறங்கின. இரும்பு பானெட்டை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முக்கி முனகிக் கீழே வைத்தோம். புதியதை ஒற்றைக் கையில் அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் விரல் நுழைகிற சந்து, மறுபக்கம் உரசல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். முழுக்கைச் சட்டை, முகமூடி எல்லாம் போட்டும் அந்தத் தூசி எப்படியோ உள்ளே புகுந்து, இரவெல்லாம் சொறிந்தேன்.

பழைய கீலின் ஸ்பிரிங் ஃபைபரை உடைத்துவிடும் என்பதால் கீலே கிடையாது; நான்கு மூலையிலும் செருகி எடுக்கிற ஊசி மட்டும். ஆயில் பார்க்க வேண்டுமென்றால் பானெட்டை முழுசாகக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டும். ஒருநாள் அப்படி வைத்ததைக் காற்று எதிர்வீட்டுப் புல்வெளியில் கொண்டுபோய்ப் போட்டது.

ரேஸ் அன்று பச்சை விளக்கு எரிந்ததும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. ஏகப்பட்ட புகை, நகரத்தான் இல்லை. பிக்கப்பில் எஞ்சின் பாரம் முழுக்க முன்னால்; பின்னால் சுமை ஏற்றும் தொட்டி காலி, அதன் கீழே பின்சக்கரத்துக்குப் பிடிப்பே இல்லை. மறுமுறை நாலு மணல் மூட்டையைத் தொட்டியில் போட்டுக்கொண்டு போனார். சோதனை செய்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டு இறக்கச் சொல்லிவிட்டார். அமெரிக்க டிராக் ரேஸ் சங்கமான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி மணல் மூட்டை, தண்ணீர்க் கேன் எதுவும் கூடாது. பாரம் வைத்தால் வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முறுக்க வேண்டும். அதனால் பேட்டரி பின்னால் போனது, கூடவே கனத்த இரும்புத் தகடுகளும். குறைத்த எடையைத் திரும்ப ஏற்றுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு. ஆனால் மூக்கில் இருந்த பாரம் பின்சக்கரத்துக்கு வந்ததும் வண்டி நிஜமாகவே பாய்ந்தது.

இதற்குள் கராஜ் முழுக்கக் கழற்றிய இரும்பு. எடுத்துப் போகாவிட்டால் பார் என்றார் அவர் மனைவி. காயலான் கடைக்குக் கொண்டுபோக ஒரு பிக்கப் வேண்டும். தன் வண்டியின் தொட்டியைத் தொடவே அவர் விடவில்லை. கடைசியில் வாடகைக்கு ஒரு பிக்கப் எடுத்து வந்தார்கள். அவர் மனைவிதான் ஓட்டினார். காயலான் கடையிலிருந்து திரும்பி வந்த பிறகும் இறங்க மனமில்லாமல், ஏசியை ஓடவிட்டு, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.