578 நிரைகளும் 50 குஞ்சுகளும்: ஆர் செய்முறைத் தேர்வில் இரண்டாம் முறை தேறிய அனுபவம்

முதுநிலைப் புள்ளியியலில், ஆர் (R) என்னும் கணினி மொழிக்கான செய்முறைத் தேர்வில் சென்ற முறை தவறிய நான் இம்முறை தேறிவிட்டேன் என்பது நேற்று மாலைதான் தெரிந்தது. சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிட நினைக்கிறேன்; ஏனெனில் என்னைத் தவறவிட்டது முழுப் பாடமும் அல்ல, நீள அட்டவணையை (ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிரை) அகல அட்டவணையாக (ஒருவரின் எல்லா அளவுகளும் ஒரே நிரையில்) மாற்றும் ஒரே ஓர் இடம்தான்.

சென்ற முறை தரப்பட்டது ஆருடனேயே வரும் சிக்வெய்ட் தரவு. நான்கு வகைத் தீவனம், 50 கோழிக்குஞ்சுகள். பிறந்த நாளில் தொடங்கி 20ஆம் நாள் வரை ஒன்றுவிட்டு ஒரு நாளும், கடைசியாக 21ஆம் நாளிலும் என 12 முறை எடை எடுத்திருக்கிறார்கள். மொத்தம் 578 நிரைகள். குஞ்சுக்கு ஒரு நிரை என்று மாற்றி, தீவனவாரியாக ஒவ்வொரு நாளின் சராசரி எடையையும், பிறந்த நாள் எடைக்கும் 21ஆம் நாள் எடைக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழுவையும் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்னும் அளவு) காண வேண்டும்.

நீளத்தை அகலமாக்குவது பிவட் வைடர் (pivot_wider) கட்டளை. ஒரே கட்டத்துக்கு இரண்டு மதிப்புகள் போட்டியிட்டால் அது ஓர் எச்சரிக்கை தந்து, கட்டத்துக்குள் பட்டியலைத் திணித்துவிடும். வரிசை எண் நிரல் ஒன்றைச் சேர்த்தால் இது தீரும் என்று எங்கோ படித்து, ஏன் என்று கேட்காமலே மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வறையில் அந்த எச்சரிக்கை வரவே இல்லை. வந்துவிடுமோ என்ற அச்சத்தில் முன்கூட்டியே 1 முதல் 578 வரை எண்ணிட்டுவிட்டேன்.

விளைவு இதுதான். நிரையின் அடையாளம் எது என்று நாம் சொல்லாவிட்டால், பெயருக்கும் மதிப்புக்கும் எடுத்துக்கொண்டவை போக எஞ்சிய எல்லா நிரல்களையும் அந்தக் கட்டளை அடையாளமாகக் கொள்ளும். ஒவ்வொரு நிரைக்கும் தனி எண் இருந்ததால் எதுவும் எதனோடும் சேரவில்லை. முதல் குஞ்சின் 42 கிராம் முதல் நிரையில், 51 அடுத்த நிரையில் ஒரு கட்டம் தள்ளி, 59 அதற்கடுத்த நிரையில் இன்னொரு கட்டம் தள்ளி என்று படிக்கட்டு போல எண்கள் இறங்கின. மற்ற கட்டங்கள் எல்லாம் என்ஏ (NA), அதாவது விடுபட்ட மதிப்பு. நான் அதைக் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் ஐயுறவில்லை. விடுபட்ட மதிப்புகளை நீக்கிச் சராசரி கண்டபோது விடை சரியாகவே வந்தது, அதுதான் என்னை ஏமாற்றியது. ஒட்டுறவுக்கு வந்ததும் முழுமையான இணை ஒன்றுகூட இல்லை என்று பிழை காட்டியது. இரண்டு நாள்களின் எடையும் ஒன்றாக இருக்கும் நிரை அந்த அட்டவணையில் எங்கே இருந்தது? ஒட்டுறவுக் கட்டளையைத்தான் தவறாக எழுதிவிட்டேன் என்று நாற்பது நிமிடம் அதையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆகவே நான் வலியுறுத்துவது ஒன்றே. விசைப்பலகையைத் தொடுமுன் விடைத்தாளின் ஓரத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: மாற்றிய பின் ஒரு நிரை எதைக் குறிக்கும், மொத்தம் எத்தனை நிரைகளும் நிரல்களும் வர வேண்டும். சிக்வெய்டுக்கு விடை 50 நிரைகள், 14 நிரல்கள். குஞ்சு, தீவனம், 12 நாள்கள். 50ஐ 12ஆல் பெருக்கினால் 600, இருப்பதோ 578. அப்படியானால் 22 கட்டங்கள் காலியாக இருந்தாக வேண்டும். ஐந்து குஞ்சுகளுக்கு இறுதிவரை எடை இல்லை, 18ஆம் குஞ்சுக்கு இரண்டே அளவுகள்தான் உண்டு என்பதால் அந்தக் கணக்கு நேராகிறது. இந்த 22ஐ முதலிலேயே எழுதியிருந்தால் ஆயிரக்கணக்கான என்ஏக்களைக் கண்டு நான் அங்கேயே நின்றிருப்பேன்.

இம்முறை நியூயார்க்கின் 1973 மே முதல் செப்டம்பர் வரையிலான ஏர்குவாலிட்டி தரவு வந்தது. தேதி கீழ்நோக்கியும் மாதம் பக்கவாட்டிலுமாக வெப்பநிலையை அடுக்கச் சொன்னார்கள். 31 நிரைகள், 6 நிரல்கள், ஜூனுக்கும் செப்டம்பருக்கும் 31ஆம் தேதி இல்லாததால் 2 காலியிடங்கள் என்று எழுதிவைத்தேன். பிறகு மாதம், தேதி, வெப்பநிலை மூன்றை மட்டும் பிரித்தெடுத்து மாற்றினேன். எழுதிய எண்ணே திரையிலும் வந்தபோது கை நடுக்கம் நின்றது.

வேறு சில:

- நீள வடிவுக்கு மாற்றும்போது நிரல் பெயர்கள் எழுத்துச் சரமாகிவிடும். எண்ணாக மாற்றாமல் வரைந்தால் நாள்கள் 0, 10, 12 என்று தொடங்கி, 18க்குப் பிறகு 2 வந்து நிற்கும்.
- சிக்வெய்டில் குஞ்சு எண் என்பது வரிசைப்படுத்திய காரணி (factor), அதாவது பெயர்போல வைக்கப்பட்டு உள்ளே வேறு வரிசை எண்ணால் குறிக்கப்படுவது. நேராக எண்ணாக்கினால் வேறு குஞ்சின் எண் வரும். முதலில் சரமாக்கி, பிறகு எண்ணாக்குங்கள்.
- ஏர்குவாலிட்டியின் நான்கு அளவுகளையும் நீளமாக்கினால் 612 நிரைகள். ஓசோனில் 37, சூரியக் கதிர்வீச்சில் 7 என விடுபட்டவற்றை நீக்கினால் 568. வினா எதைக் கேட்கிறது என்று பாருங்கள்.
- 2019இல் டைடிஆர் (tidyr) என்னும் ஆர் தொகுப்பின் 1.0.0 பதிப்பு வந்த பிறகே பிவட் கட்டளைகள் புழக்கத்துக்கு வந்தன. பழைய குறிப்புகளில் உள்ள, அதே வேலையைச் செய்யும் கேதர், ஸ்ப்ரெட் கட்டளைகள் இன்றும் இயங்கும். ஆனால் தேர்வுக்கு ஒரே குடும்பத்தை மட்டும் பழகுங்கள்.

என்னைப் போல நிதானமாக, ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்ய விரும்புபவர்களுக்கு ஆருடன் வரும் ரீஷேப் கட்டளை நன்கு பொருந்தும். அடையாள நிரல் எது, கால நிரல் எது என்று அதனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம், வெய்ட்.0, வெய்ட்.2 என்று நிரல்களுக்கு அதுவே பெயரிடும். வேகமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு அது சலிப்பூட்டலாம்.

பயிற்சிக்குச் சிக்வெய்டைப் பிவட் வைடரால் அகலமாக்கி, பிவட் லாங்கரால் மீண்டும் நீளமாக்குங்கள். 578 திரும்பாது, 600 வரும். கூடுதலான 22 நிரைகள் எந்தெந்தக் குஞ்சுகளுடையவை என்று திரையைப் பார்க்காமல் சொல்ல வரும்வரை அதையே செய்யுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் நான் செய்த பயிற்சி அது ஒன்றுதான்.