மாமன், மருமகள், ஒரு மதுக்கடை

ராத்திரி முழுக்க கிளானட் இசைக்குழுவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அயர்லாந்தின் டொனகால் பக்கம் க்வீடோர்க்காரர்கள், ஐரிஷ்தான் வீட்டுமொழி. மோயா, கியரான், போல் என்று மூன்று உடன்பிறப்புகள், கூடவே இரட்டையராகப் பிறந்த இரண்டு தாய்மாமன்கள். மாமன் என்றதும் நரைத்த தலையை நினைக்காதீர்கள், மோயாவைவிட மூன்று வயதுதான் மூப்பு! அப்பா லியோவின் மதுக்கடையில் பாடிப் பழகி, 1970-இல் குழுவானார்கள். தங்கை என்யா 1980-இல் சேர்ந்து, இரண்டே வருஷத்தில் தனியே போய்விட்டார். (அது வேறு பெரிய கதை.)

அதே 1982-இல் ஒரு டிவி தொடருக்காக இவர்கள் பாடிய ஐரிஷ் பாட்டு பிரிட்டன் பட்டியலில் 5-ஆம் இடம் வரை ஏறியது. ஃபிடில், புல்லாங்குழல் எதுவும் முன்னே வராது. அடுக்கடுக்காகக் குரல்கள், அடியில் மெல்லிய சின்தசைசர், அவ்வளவுதான். ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். எனக்கு இது நாலாவது தடவை, இன்னும் தூக்கம் வரவில்லை.