ஒரு பிட்சர் வேண்டும்

நவம்பர் 20, 2024, புதன்

கிறிஸ் சேலுக்கு சை யங் விருது, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீகில் சிறந்த பிட்சருக்கு (பந்து வீசுபவர்) தரும் விருது. 18 வெற்றி, 225 ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்கவிடாமலே ஆளை வெளியேற்றுவது), ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரி 2.38 ரன். பாஸ்டன் ரசிகர்களுக்கு இது வயிற்றெரிச்சல். போன டிசம்பர் 30-ம் தேதி எங்கள் பாஸ்டன் அணி ரெட் சாக்ஸ்தான் அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பியது, கூடவே 1.7 கோடி டாலரும் கொடுத்து. பெண்ணையும் கொடுத்து சீரும் செய்த கதை.

நானும் அன்றைக்குத் தலையாட்டியவன்தான். 2022-ல் அந்த மனிதருக்கு முதலில் விலா எலும்பு, பிறகு விரல், அப்புறம் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு. எத்தனை நாள்தான் காத்திருப்பது என்று நினைத்தேன். இந்த ஆண்டு நம் அணி 81 வெற்றி, 81 தோல்வி. 3.85 கோடி டாலருக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டு வந்த லூகாஸ் ஜியோலிட்டோ முழங்கை அறுவை சிகிச்சையால் ஒரு பந்துகூடப் போடவில்லை.

நவம்பர் 27, புதன்

ஞாயிறு காலை ஐபிஎல் ஏலம் பார்த்தேன். அஸ்வின் 9.75 கோடி ரூபாய்க்கு சென்னைக்குத் திரும்பினார். ஏலத்தில் ஒரு நிம்மதி உண்டு: சுத்தியல் தட்டினால் முடிந்தது. பேஸ்பாலில் அப்படி இல்லை. நவம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை இழுக்கும், தினம் ஒரு வதந்தி.

நேற்றிரவு பிட்சர் பிளேக் ஸ்னெல் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் பக்கம் போய்விட்டார். 5 ஆண்டு, 18.2 கோடி டாலர். அவர்களோ உலகத் தொடர் (வேர்ல்ட் சீரிஸ்) கோப்பையை இப்போதுதான் தூக்கியவர்கள்.

அலுவலகத்தில் ஊர் நண்பர் கேட்டார்: "ஒரு பௌலருக்கா இவ்வளவு?" கிரிக்கெட் கணக்கில் இது புரியாது. ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர், ஐந்து நாளுக்கு ஒரு முறைதான் ஆடுவார். ஆனால் அன்றைக்கு ஆட்டம் அவர் தோளில். ஐந்தாறு இன்னிங்ஸ் தாங்கினால் பின்னால் வரும் ரிலீவர்களுக்கு மூச்சு கிடைக்கும். மூன்றாவது இன்னிங்ஸிலேயே கவிழ்ந்தால் அடுத்த மூன்று நாள் ஆட்டமும் சேர்ந்து கவிழும். நம் ஸ்டார்ட்டர்கள் டானர் ஹௌக்கும் பிராயன் பெய்யோவும் நல்லவர்கள்தான். வரிசையின் முதல் ஆளாக யாரும் இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

மேக்ஸ் ஃப்ரீட் யாங்கீஸுக்கு. 8 ஆண்டு, 21.8 கோடி டாலர். இடதுகை பிட்சர் யாருக்கும் இதுவரை இவ்வளவு கொடுத்ததில்லை. போயும் போயும் நம் பரம எதிரி யாங்கீஸா!

ஞாயிறு இரவுதான் பேட்டர் ஹுவான் சோட்டோ 76.5 கோடிக்கு மெட்ஸிடம் போனார். அவருக்கான போட்டியிலும் நாம் இருந்தோம். சரி.

காசு கொடுத்து வாங்குவதில் எனக்கு ஆசை போய்விட்டது. எட்டாவது ஆண்டில் ஃப்ரீடுக்கு 38 வயது இருக்கும். நம்மிடம் வேறொரு சொத்து இருக்கிறது: பண்ணை அணிகளில் (பெரிய அணிக்கு ஆள் தயாராகும் கீழ்நிலை அணிகள்) வளரும் பையன்கள். அதில் யாரை விற்பது என்பதுதான் தகராறு.

டிசம்பர் 11, புதன்

நடந்துவிட்டது. காரெட் க்ரோஷே வருகிறார்!

25 வயது, இடதுகை, பந்து 97 மைல் வேகம். 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக்அவுட். அதுவும் 121 ஆட்டம் தோற்ற சிகாகோ ஒயிட் சாக்ஸில் இருந்துகொண்டு. இந்த ஆண்டுதான் முதல்முறையாக ஸ்டார்ட்டராக ஆடினார் என்பதும், 2022-ல் முழங்கையில் டாமி ஜான் அறுவை நடந்தது என்பதும் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

பதிலுக்குக் கொடுத்தது நம் பண்ணைப் பையன்கள் நான்கு பேர்: கைல் டீல், பிரேடன் மான்ட்கோமெரி, சேஸ் மைட்ராத், விக்கல்மன் கொன்சாலெஸ். 2016 டிசம்பரில் சேலைக் கொண்டுவந்ததும் இதே ஒயிட் சாக்ஸிடமிருந்து, இதே போல நான்கு பையன்களைக் கொடுத்துத்தான். அந்த வியாபாரத்தில் 2018 கோப்பை வந்தது. கடைசி அவுட் சேலின் ஸ்லைடர் (கடைசி நொடியில் விலகி இறங்கும் பந்து), டாட்ஜர்ஸின் மச்சாடோ முழங்கால் மடங்கிச் சுற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பண்ணையின் முத்துகளான ரோமன் ஆன்டனி, மார்செலோ மேயர், கிறிஸ்டியன் காம்ப்பெல் மூவரையும் விட்டுக்கொடுக்காமல் முடித்த நம் அணி நிர்வாகி கிரேக் பிரெஸ்லோ கெட்டிக்காரர்.

சாப்பாட்டு மேசையில் சொன்னதும் மகன் எழுந்து உள்ளே போய்விட்டான். ஆகஸ்டில் நம் பண்ணை அணி ஆடும் வூஸ்டர் போலார் பார்க் மைதானத்தில் டீல் அவனுக்கு ஒரு பந்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். முகக்கவசத்தைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு, வியர்வைக் கையை மார்புக் கவசத்தில் துடைத்துக்கொண்டு, "உன் பேர் எப்படி எழுதணும்?" என்று எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினான். தமிழ்ப் பெயரைத் தப்பில்லாமல் எழுதிய முதல் அமெரிக்கன் என்று அன்றைக்கு வீட்டில் ஒரே பேச்சு.

"நாலு பேரை ஒருத்தருக்காகவா அப்பா?" என்றான் கதவுக்குப் பின்னாலிருந்து.

டிசம்பர் 23, திங்கள்

பிட்சர் வாக்கர் பியூலர் நமக்கு, ஓராண்டு, 2.105 கோடி டாலர். இது சூதாட்டம். இந்த ஆண்டு 16 ஆட்டத்தில் ஒரே வெற்றி, சராசரி 5.38. இரண்டு முறை டாமி ஜான் ஆனவர். ஆனால் அக்டோபர் 30 இரவு யாங்கீ ஸ்டேடியத்தில் டாட்ஜர்ஸுக்காகக் கடைசி இன்னிங்ஸ் போட்டு கோப்பையை முடித்துவைத்தவரும் இவர்தான். 2018 உலகத் தொடரில் 18 இன்னிங்ஸ் நீண்ட அந்த மூன்றாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் நமக்கு ரன்னே கொடுக்காதவரும் இவர்தான். ஓராண்டுதானே, போனால் பணம் மட்டும்தான் போகும். பிட்சர் பேட்ரிக் சாண்டோவலையும் எடுத்திருக்கிறார்கள். முழங்கை ஆறி வர அடுத்த ஆண்டின் பெரும்பகுதி ஓடிவிடும்.

டிசம்பர் 28, சனி

நள்ளிரவுச் செய்தி: பிட்சர் கார்பின் பர்ன்ஸ் அரிசோனாவுக்கு, 6 ஆண்டு, 21 கோடி. அவர் வீடும் அந்தப் பக்கம்தான். ஒரு மாதத்துக்கு முன்பு என்றால் தூக்கம் போயிருக்கும். இப்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

க்ரோஷே நம் கையில் இருப்பது இரண்டு சீசன்தான். அதற்குள் நீண்ட ஒப்பந்தம் போடாவிட்டால் அவரும் இதே சந்தைக்குத்தான் போவார். அப்போது நம்மிடம் டீலும் இருக்க மாட்டான், க்ரோஷேயும் இருக்க மாட்டார். இதை மகனிடம் சொல்லவில்லை.

காலையில் அவனே அடுத்த ஆண்டு அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தான். ஏப்ரலில் ஒயிட் சாக்ஸ் நம் ஃபென்வே மைதானத்துக்கு வருகிறதாம். டீல் அதற்குள் சிகாகோ அணிக்கு ஏறியிருப்பானா தெரியாது. டிக்கெட் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.