ராமநாதபுரம் கரையில் லெட்டூஸ்: முதலில் உப்பைக் கவனியுங்கள்

சாலட்டில் பச்சையாகப் போடும் லெட்டூஸ் கீரை என்றால் ஊட்டி, கொடைக்கானல்தான் என்று நம் பக்கத்தில் பலர் முயன்றே பார்ப்பதில்லை. கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் மாசி நடு வரை மண்டபத்திலும் கீழக்கரையிலும் தொண்டியிலும் தாராளமாகப் பறிக்கலாம். இங்கே செடியை வெயிலுக்கு முன்பே கெடுப்பது உப்பு. தண்ணீரில் வரும், தேங்காய் நார்த்தூளில் வரும், எருவில் வரும், வாடைக்காற்றிலும் வரும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். 500-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. ஆயிரத்தைத் தாண்டிய போர்த் தண்ணீரை ஊற்றினால் செடி சாகாது, ஆனால் குட்டையாகவே நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மாடியில் விழும் மழையை 200 லிட்டர் டிரம் இரண்டில் பிடித்து, கொசு புகாமல் மூடி வையுங்கள். செடி வளர்க்கும் பத்துப் பைக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தால் 80 நாள் ஓடும், அதாவது சீசன் முழுக்க.

நார்த்தூளை அப்படியே பையில் போடவே கூடாது. ஊறவைத்துப் பிழிந்தால் முதல் தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் இறங்கும். நிறம் வெளுக்கும் வரை, குறைந்தது மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிறகு நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு. கடற்கரை மணல் வேண்டாம். புது ஆட்டுப் புழுக்கையும் வேண்டாம், அதிலும் உப்பு அதிகம்.

மண் சூடு 30 டிகிரியை நெருங்கினால் லெட்டூஸ் விதை உறங்கிவிடும். விதை மட்டம் என்று நினைத்துத் தூக்கிப் போடுவது இதனால்தான். ஈரத்துணியில் மடித்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூன்று நாள் வைத்து எடுத்து விதையுங்கள். முளைக்க வெளிச்சம் வேண்டும், அதனால் புதைக்காமல் மேலே தூவி, நார்த்தூளை மெலிதாகச் சலித்துவிட்டால் போதும். விதைத்த நாற்றுத் தட்டு மழையில் நனையக் கூடாது, நனைந்தால் நாற்றின் அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும்.

நான்கு இலை வந்ததும் சாயங்காலம் எடுத்து நடுங்கள், செடிக்குச் செடி 20 செ.மீ. ஐஸ்பெர்க் மாதிரி உருண்டை கட்டும் ரகம் இங்கே சரிப்படாது. லோலோ ரோஸோ, ஓக் லீஃப், ரொமைன் வரும். பத்து நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்துக்கொண்டே போங்கள். தை பிறந்த பிறகு மதிய வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள்.

இலை ஓரம் கருகினால் எந்த இலை என்று குனிந்து பாருங்கள். வெளியே இருக்கும் முற்றிய இலைகளின் ஓரம் காய்ந்து, பையின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் வேரில் உப்பு தேங்கியிருக்கிறது. பை கொள்ளும் அளவு மழைத்தண்ணீரை அடித்துளை வழியே வடியும்படி நிதானமாக ஊற்றிக் கழுவுங்கள். நடுக்குருத்தின் இளம் இலை நுனி மட்டும் பழுப்பாகியிருந்தால் அது சுண்ணாம்புச் சத்து குருத்துக்குப் போய்ச் சேராததால். பெரும்பாலும் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் நிறைய ஊற்றியிருப்போம். தண்ணீரை ஒரே சீராக்கினால் அடுத்து வரும் இலை நன்றாக இருக்கும். கடலைப் பார்த்த பக்கம் மட்டும் பொசுங்கியிருந்தால் காற்றின் வேலை. காலையில் பூவாளியால் இலையைக் கழுவி, அந்தப் பக்கம் பனையோலைத் தட்டி ஒன்று நிறுத்துங்கள். இடைவெளி விட்டு வேய்ந்த தட்டிதான் நல்லது, முழுக்க அடைத்தால் காற்று மேலே ஏறிப் பின்னால் சுழன்று அடிக்கும்.

விடிந்ததும் பறியுங்கள். வெளி இலைகளை மட்டும் எடுத்து, நடுவில் ஐந்து இலையை விட்டால் மூன்று நான்கு முறை பறிக்கலாம். நடுத்தண்டு நிமிர்ந்து நீளத் தொடங்கியதும் இலை கசக்கும், ஒடித்தால் பால் கெட்டியாக வடியும். அதற்குப் பிறகு நிழல்வலை உதவாது, பிடுங்கிவிடுங்கள்.

அந்தப் பையில் பாலக் விதையுங்கள். லெட்டூஸை விட உப்பை நன்றாகத் தாங்கும், இளசாகப் பறித்தால் பச்சையாகவே சாலட்டில் போடலாம்.