முதலில் கேட்பது கொசுவைப் பற்றித்தான்

மழைநீரைப் பற்றி மக்களிடம் பேசுவதுதான் என் வேலை. குடியிருப்போர் சங்கம், பள்ளிக்கூடம், தோட்டம் போடும் குழு, சில சமயம் கட்டட ஒப்பந்தக்காரர்கள் என்று யார் கூப்பிட்டாலும் போவேன். சொல்ல வேண்டிய விஷயம் சின்னதுதான். கூரையிலும் தெருவிலும் விழும் மழை அழுக்கை அள்ளிக்கொண்டு வடிகால் வழியாக ஆற்றுக்கும் ஏரிக்கும் போகிறது. அதை ஓடவிடாமல் அங்கங்கே மண்ணில் இறக்கினால் வெள்ளமும் குறையும், தண்ணீரும் கெடாது. இதைச் சொல்லப் பத்து நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் கேள்விகள்தான். எங்கே போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றில் ஒன்றுகூட நாங்கள் அச்சடித்துக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் இருக்காது.

முதல் கேள்வி கொசு. மழைத்தோட்டம் என்றால் சுற்றியுள்ள தரையைவிடக் கொஞ்சம் தாழ்வாக வெட்டிய பாத்தி. மாடித் தண்ணீர் அதில் வந்து 15 செ.மீ. உயரத்துக்கு நிற்கும், பிறகு மண்ணுக்குள் இறங்கும், வேர் ஆழமாகப் போகும் செடிகள் அதற்கு உதவும். நான் இவ்வளவு சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்துவிடும்: "தண்ணி நிக்கும்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் கொசு வராதா மேடம்?"

வராது என்று பதில் சொல்லலாம். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க வெப்பமான காலத்திலேயே ஒரு வாரம் போல ஆகும், ஒழுங்காக அமைத்த மழைத்தோட்டத்தில் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் வற்றிவிடும். உண்மைதான். ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக யாரும் நம்பத் தேவையில்லை. 'ஒழுங்காக அமைத்த' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. களிமண்ணில் கண்ணை மூடிக்கொண்டு பள்ளம் வெட்டினால் கொசு வரத்தான் செய்யும். அதனால் பதில் சொல்வதற்குப் பதிலாக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எல்லோரையும் வெளியே கூட்டிப்போகிறேன்.

முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. அதில் தண்ணீர் ஊற்றி வற்றவிட வேண்டும், அப்புறம் மறுபடி நிரப்ப வேண்டும். காய்ந்த மண் முதல் தடவை ஆசையாகக் குடித்துவிடும், அந்த வேகத்தை நம்பக் கூடாது. இரண்டாவது தடவை ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் மட்டத்தில் கோடு போட்டு, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நேரம். பேச்சு தானாகத் தொடங்கும். வீடு கட்டும்போது கட்டட இடிபாட்டைக் கொட்டி மட்டப்படுத்தியது ஒருவருக்கு நினைவு வரும். அந்த மூலையில் மட்டும் செடி ஏன் அழுகுகிறது என்று இன்னொருவர் சொல்வார். மணிக்கு 1 செ.மீ. இறங்கினாலே போதும், 15 செ.மீ. தண்ணீர் ஒரு நாளுக்குள் போய்விடும் என்று குழியைச் சுற்றி நிற்பவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள். சில இடங்களில் கோடு அசையவே அசையாது. அப்போது இங்கே மழைத்தோட்டம் வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம், இல்லாவிட்டால் மண்ணை மாற்றி அடியில் வடிகுழாய் வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வந்த இடங்களிலிருந்துதான் மறுபடி கூப்பிடுகிறார்கள். விற்க வந்தவர் இல்லை என்று தெரிந்துவிடுகிறது போல.

குழியோடு சேர்த்து இன்னொரு கணக்கும் சொல்வேன். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆக 100 சதுர மீட்டர் மாடியில் 25 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர். மில்லிமீட்டரில் கேட்கும்போது யாருக்கும் ஒன்றும் தோன்றாது. லிட்டரில் சொன்னதும் தலையைத் தூக்கி மாடியைப் பார்ப்பார்கள். இது ஒரு வீடு, ஒரு மழை.

சரி, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? தெருவோரக் கம்பி மூடியைக் காட்டிக் கேட்டால், "சுத்திகரிப்பு நிலையத்துக்கு" என்று பெரும்பாலானோர் தயங்காமல் சொல்கிறார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இதில் இல்லை. வீட்டுக் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு என்று இருக்கும் ஊர்களில் மழைநீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக நீர்நிலைக்குத்தான் போகும். இரண்டுக்கும் ஒரே குழாய் போட்ட பழைய நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். பெருமழையில் குழாய் கொள்ளாமல் சாக்கடையும் சேர்ந்து ஆற்றில் கொட்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா 2011இல் 25 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, தெருவோரப் பாத்தி, மரக்குழி, தண்ணீர் புகும் தரை என்று போனதற்கு இதுதான் காரணம். பூமிக்கடியில் பெரிய பெரிய சுரங்கம் தோண்டுவதைவிட, தண்ணீரைக் குழாய்க்கே வரவிடாமல் மேலேயே பிடித்துக்கொள்வது மேல் என்று முடிவெடுத்தார்கள்.

பள்ளிகளில் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு குட்டி ஊரை மேசைமேல் வைப்போம். வீடு, வயல், சாலை, நடுவே ஏரி. வயலில் கோக்கோ தூளும் புல்வெளியில் வண்ணப் பொடியும் தூவி, பிள்ளைகள் கையில் தெளிப்பானைக் கொடுத்தால் அவர்களே மழை பெய்விப்பார்கள். ஏரி நிறம் மாறும்போது எழும் கூச்சல் வகுப்பறைக்கு வெளியே கேட்கும். அதே பெட்டியைப் பெரியவர்கள் கூட்டத்தில் திறந்தால் மரியாதையாகப் பார்த்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு மழையில் நடப்பதுதான் சரிப்படும். குடையைப் பிடித்துக்கொண்டு அவரவர் வாசலிலிருந்து ஓடும் தண்ணீரின் கூடவே போவது, அவ்வளவுதான்.

அப்படிப் போகும்போது தெரிவதை எந்தப் படத்திலும் காட்ட முடியாது. நடைபாதை மரத்தைச் சுற்றி அழகுக்கென்று கட்டிய விளிம்பு நாலு விரல் உயரம் நிற்கும். தெருத் தண்ணீர் அதை மோதி, சுற்றிக்கொண்டு, வடிகாலுக்குள் விழும். உள்ளே மரத்தடி மண் ஓரத்தில் காய்ந்தே கிடக்கும். புல்தரை தளத்தைவிட உயரமாக இருக்கும், அதனால் புல்லில் விழுந்த மழையும் சிமெண்டுக்கு வழியும். தோட்டம் என்றால் மேடாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது, எல்லாத் தோட்டக்காரர்களும் மண்ணைக் குவித்துத்தான் வைக்கிறார்கள். விளிம்பில் ஓர் இடைவெளி வெட்டி மண்ணைத் தளத்துக்குக் கீழே இறக்கினால் பாதி வேலை முடிந்தது. இதைக் கண்ணால் பார்த்தவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

மழை தொடங்கியதும் ஓடிவரும் முதல் தண்ணீரைத்தான் உற்றுப் பார்க்கச் சொல்வேன். பல நாள் சேர்ந்த எண்ணெய், புழுதி, நாய்க் கழிவு, புல்லுக்குப் போட்ட உரம் எல்லாம் அதில்தான் வரும். இந்தப் பட்டியலை யாரும் மறுப்பதில்லை. சருகு என்று சொன்னால்தான் சண்டை. "இலை இயற்கைதானே மேடம், அது எப்படி மாசு?" நியாயமான கேள்வி. மரத்தடியில் கிடக்கும் வரை சருகு உரம்தான். தார்ச்சாலையில் விழுந்து மழையில் ஊறினால் அதிலுள்ள பாஸ்பரஸ் கரைந்து ஏரிக்குப் போகும், பாசி அதைத் தின்று பெருகும். விஸ்கான்சினின் மாடிசனில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இதை அளந்து பார்த்தது. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில், மழைக்கு முன்பே தெருச் சருகை அள்ளிய இடத்தில் இலையுதிர் காலத்து ஓடுநீரில் பாஸ்பரஸ் 84 சதவீதம் குறைந்திருந்தது. கான்கிரீட்டோ குழாயோ தேவைப்படவில்லை, நேரத்துக்குப் பெருக்கியது மட்டும்தான். இப்படி எளிதில் செய்யக்கூடியவற்றை நாங்கள் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் எண்ணம். மழைத்தோட்டம் படத்தில் நன்றாக இருக்கும், துடைப்பம் இருக்காது.

"நான் ஒருத்தி செஞ்சு என்ன ஆகிடப்போகுது?" என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரு பக்கம், எண்ணிக்கை கூடினால் ஆகத்தான் செய்கிறது. ஒரேகான் மாநிலத்துப் போர்ட்லேண்டில் மாடிக் குழாயைச் சாக்கடையிலிருந்து துண்டித்துத் தோட்டத்தில் விடும் திட்டம் 2011இல் முடிந்தபோது, 50,000க்கும் மேற்பட்ட குழாய்கள் துண்டிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டுக் குழாய். மறுபக்கம், வீட்டுக்காரரால் தீராத மாசும் இருக்கிறது. வாஷிங்டன் மாநில ஓடைகளில் முட்டையிட ஏறிவரும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டமாகச் செத்ததன் காரணம் 2020இல்தான் தெரிந்தது. டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து நஞ்சாகி, சாலையிலிருந்து கழுவி வருகிறது. டயரில் என்ன சேர்க்க வேண்டும் என்பதைக் குடியிருப்போர் சங்கம் முடிவு செய்யாது. இதை ஒளிக்காமல் சொல்வேன். கூடவே இன்னொன்றும் சொல்வேன். காரணம் தெரிவதற்கு முன்பே, அதே சாலைத் தண்ணீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண்படுகை வழியாக வடித்து மீன்களை விட்டுப் பார்த்தார்கள். வடிக்காத தண்ணீரில் செத்த மீன்கள் வடித்த தண்ணீரில் பிழைத்தன. மழைத்தோட்டத்துக்குள் இருப்பதும் அந்த மாதிரி மண்கலவைதான்.

கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் மக்கள் கேட்பதே இல்லை: மூன்றாவது வருஷம் யார் பார்த்துக்கொள்வது? நடும் நாளில் கூட்டம் அலைமோதும், படம் எடுப்பார்கள். அப்புறம் தண்ணீர் உள்ளே வரும் வாயில் வண்டல் அடைக்கும், களை ஏறும், கோரை மண்டும். தண்ணீர் புகும் தரையின் துளைகளைப் புழுதி மூடினால் அதுவும் வெறும் சிமெண்டுத் தரைதான். முன்பெல்லாம் செடி வகைகளுக்கு நீண்ட நேரம் ஒதுக்குவேன். இப்போது அதைச் சுருக்கிவிட்டு, முதல் மழைக்கு முன் வாயை யார் சுத்தம் செய்வார், வற்றவில்லையென்றால் யாரைக் கூப்பிடுவது என்று அங்கேயே பெயர் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பெயர் எழுத ஆள் இல்லாத இடத்தில் நடுவிழாவைத் தள்ளிப்போடச் சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் முகச்சுளிப்பு உண்டு.

நிதி கொடுப்பவர்களின் அறிக்கைப் படிவம் இன்னும் பழைய மாதிரிதான் இருக்கிறது. எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பிரசுரம் கொடுத்தீர்கள். 'இதர குறிப்புகள்' என்ற கட்டத்தில், போன வருஷம் வெட்டிய தோட்டங்களில் இந்த வருஷ மழையில் எவையெவை ஒரு நாளில் வற்றின, எவை வற்றவில்லை என்று எழுதி அனுப்புகிறேன். வற்றாதவற்றைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. அந்தந்தத் தெருக்காரர்கள்தான் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.